கொடுக்காத கொடி

மாடு செத்துப் பத்து நாள் ஆகிறது. அது தின்ன வேண்டிய வேர்க்கடலைக் கொடி மட்டும் துரைக்கண்ணு வீட்டுக் களத்தில் போராகக் குவிந்து, தார்ப்பாய் மூடி அப்படியே கிடந்தது.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி வந்து கேட்டாள். கார்த்திகை மழையில் அவள் வைக்கோல் அத்தனையும் அழுகிப்போச்சு. பால் ஊற்றித்தான் குடும்பம் நடக்குது. கறவை மாடு ரெண்டு நாளாக வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்குதாம்.

"ஒரு கட்டு குடுண்ணே. உனக்குத்தான் மாடு இல்லையே."

"தர்றதுக்கில்ல."

ஜெயக்கொடி கட்டுக்குக் கொண்டு வந்த கயிற்றைச் சுருட்டினாள்.

"இன்னாண்ணே, செத்த மாடு எழுந்து வந்து தின்னப் போவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டீக்கடையில் அன்றைக்கு இதுதான் பேச்சு. துரைக்கண்ணு போகும்போது கொடியையும் பாடையில் சேர்த்துக் கட்டி அனுப்பணும் என்றார் பெரியதம்பி. செஞ்சி பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மருமகள் கலைமதிக்கே தாங்கவில்லை. செத்தது அவள் அம்மா வீட்டிலிருந்து ஓட்டி வந்த மாடு. நாலு மாசக் கர்ப்பிணி, மாடு போனதிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. குடுத்துடுங்க மாமா, அந்த மாடாவது பொழைக்கட்டும் என்று அழுதே கேட்டாள்.

மறுநாள் காலையில் துரைக்கண்ணு தார்ப்பாயை இழுத்துப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, போருக்குத் தீ வைத்துவிட்டார்.

தெரு முழுக்கப் புகை. ஜெயக்கொடி மண்ணை வாரித் தூற்றினாள். கலைமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்ட வந்தவர்கள் திட்டி முடித்துக் கலைந்தார்கள்.

அதற்கப்புறம்தான் பைக்கில் மாட்டு டாக்டர் வந்தார். செத்த மாட்டை அறுத்துப் பார்த்தவர் அவர்தான்.

"எல்லாம் எரிஞ்சிடுச்சா? பூஞ்சணம் பிடிச்ச கொடி. கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இன்னொரு மாடு போயிடும்."

எல்லாம் போச்சு என்று தலையை ஆட்டினார் துரைக்கண்ணு.

"முறுக்கினா படக்குனு ஒடியணும், அதுவரைக்கும் கொடியைக் காயவெச்சுதான் போர் போடணும். ஈரத்தோட மூடினா உள்ளுக்குள்ளயே வெந்து விஷமாயிடும். உங்களுக்குத் தெரியாததா? சரி, ஊர்க்காரங்ககிட்டயாவது விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்ளோ ஏச்சு?"

துரைக்கண்ணு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"நான் கண்ணு ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரி போயிருந்தன் சார். மழை வந்துடுச்சேன்னு, வயித்துப் புள்ளையோட ஒண்டியா வாரிப் போட்டு மூடினது மருமவதான். ஜெயக்கொடிகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள அது காதுக்கு வந்துடும். மாமன் கல்நெஞ்சுக்காரன்னு திட்டிக்கினே இருக்கட்டும் சார். தன் கையாலதான் மாடு போச்சுன்னு அதுக்குத் தெரிய வேணாம்."