தலைகீழ் யானை

"கூரை மேலயா?"

டிசைனர் பெண் கேட்ட வேகத்தில், எதிரே உட்கார்ந்திருந்த சலவைக் கம்பெனி முதலாளி டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமாம்மா. வேன் கூரை மேல. கூரை முழுக்க, பெருசா."

"லோகோவைக் கதவுல போடுவாங்க, பக்கவாட்டுல போடுவாங்க. கூரையில ஒட்டினா யார் சார் பாப்பாங்க?"

"பாக்கறவங்க பாப்பாங்கம்மா."

பக்கத்து மேஜை சீனியர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "காக்காவுக்கும் துணி துவைச்சுக் குடுக்கறார் போல" என்று முணுமுணுத்தார்.

"இன்னொண்ணு," முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நம்ம லோகோ யானையைத் தலைகீழா ஒட்டணும். கால் டிரைவர் பக்கம், தலை பின்கதவுப் பக்கம்."

அவளுக்குப் பகீர் என்றது.

அந்த யானை லேசில் பிறந்ததில்லை. முதல் நாள் அவர் கேட்ட லோகோவில் வாஷிங் மெஷின், கொடியில் சட்டை, நுரை, வானவில், போன் நம்பர்கள், ஓரத்தில் அவருடைய சிரித்த முகம் எல்லாம் இருந்தன. லோகோவா அது, கல்யாண குரூப் போட்டோ.

ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ஒரு தடவை பாத்தவங்க மறுநாள் கண்ணை மூடிட்டு வரையணும் சார். சட்டைப் பொத்தான் சைஸ்லயும் தெரியணும், பஸ் சைஸ்லயும் தெரியணும். கலரை எடுத்துட்டாலும் அடையாளம் போகக் கூடாது."

"என் மூஞ்சி மட்டுமாவது இருக்கட்டுமேம்மா."

"லோகோ உங்களுக்காக இல்ல சார். பாக்கறவங்களுக்காக."

மனிதர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "பாக்கறவங்களுக்காக" என்று ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கித் தன் முகத்தைத் தானே அடித்துவிட்டார்.

மிஞ்சியது நீல நிறத்தில் ஒரே ஒரு வளைகோடு. தும்பிக்கையைத் தூக்கித் தன் முதுகிலேயே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் யானை. பார்த்தாலே குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

அது அவளுடைய முதல் லோகோ. அதுவரை மற்றவர்கள் வரைந்ததற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தவள். ஆபீஸ் வாசல் சுவரில் மாட்டும் நல்ல வேலைகளின் வரிசையில், வேனோடு எடுத்த யானைப் படத்துக்கும் இடம் உண்டு என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார். அந்த இடத்தை அவள் தினமும் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

இப்போது இவர் கிளம்பியிருக்கிறார், தலைகீழ் என்று.

"நாலு காலும் மேல போயிடும் சார். செத்த யானை மாதிரி இருக்கும்."

"இருக்காதும்மா."

"எதுக்குன்னாவது சொல்லுங்களேன்."

"சொன்னா சிரிப்பீங்க." வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

"கஸ்டமர்னா அப்படித்தான்" என்றார் சீனியர். "நாம பெத்த பிள்ளைக்கு அவங்க வந்து முடி வெட்டிவிடுவாங்க."

பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தலை முன்னாடி, கால் பின்னாடி. அவர் மாத்திச் சொல்லுவார், காதுல வாங்காதீங்க."

வேன் தயாரான மறுநாளே முதலாளி கூப்பிட்டார்.

"யானை நேரா நிக்குதேம்மா."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அதுதான் சார் சரி. நாலு பேர் பாத்தா சிரிக்கக் கூடாது இல்லையா?"

"சரிம்மா. நாளைக்குக் காலையில வேன்ல என்கூட ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். போட்டோவும் எடுத்துக்கலாம்."

கேமராவோடு போனாள். வழியெல்லாம் சண்டைக்கான வசனங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். அவர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

வேன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நுழைந்து, கட்டடத்துச் சுவரை மூக்கால் முட்டுகிற மாதிரி நின்றது. பால் வண்டி, மருந்து வண்டி, காய்கறி வண்டி என்று அந்த முற்றத்தில் நின்ற எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கூரை.

"இறங்கி மேல பாருங்கம்மா."

அண்ணாந்து பார்த்தாள்.

ஐந்தாவது மாடி ஜன்னல்களில் வரிசையாகக் குழந்தைகள். ஒரு தலைகூட நேராக இல்லை. ஒருத்தி காதைத் தோளில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். இன்னொருத்தி கழுத்தை எவ்வளவு திருப்பியும் போதாமல், பக்கத்துப் பையனின் தலையையும் பிடித்துத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். கையில் கட்டுப் போட்ட ஒருவன் கட்டில் மேல் ஏறி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். எல்லாரும் சிரித்தது கீழே கேட்கவில்லை. ஆனால் தெரிந்தது.

"என்ன சார் பண்றாங்க?"

"யானையைப் பாக்கறாங்கம்மா."

அவள் ஜன்னல்களையும், சுவரை முட்டி நின்ற வேனின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தினமும் பெட்ஷீட் எடுக்க வருவேன். மாசக்கணக்கா கீழ இறங்காத பசங்க, மேலேருந்து கை காட்டுவாங்க. நானும் காட்டுவேன். 'எல்லா வண்டியும் வெள்ளையாவே இருக்கு, அங்கிள் வண்டி வந்துடுச்சான்னே தெரியல'ன்னு நர்ஸ்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தாங்க." முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார். "நீங்கதானேம்மா சொன்னீங்க, லோகோ பாக்கறவங்களுக்காகன்னு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணே, ஏணியோட உடனே வாங்க. நம்ம யானை தலைகீழா நிக்குது."