காட்டிக் கொடுத்தது யார்?

"லைசென்ஸ் முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆகுதேய்யா! எந்தத் தைரியத்துல பஸ் ஓட்டறே?"

காவேரிப் பாலத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கம் பஸ்ஸை மறித்து நின்றுகொண்டு கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் தர்மராஜ்.

"மறந்துட்டேனுங்க" என்றான் டிரைவர் ரங்கசாமி.

மறதியாவது ஒன்றாவது! யுத்த காலத்துப் புதுச் சட்டப்படி, லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ரங்கசாமி ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

"இறங்கு. இனிமே நீ இந்த வண்டியைத் தொடக் கூடாது. மிச்சத்தைக் கோர்ட்டுல பேசிக்கோ."

பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல்.

"ஒரு காகிதத்துக்காகவா எங்களை நடுரோட்டுல நிறுத்தறேள்?" என்று கொதித்தார், ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த குமாஸ்தா ஸ்ரீனிவாசராகவன். "எத்தனையோ வருஷமா ஓட்டறான். ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்தினதில்லை!"

"தகவல் வந்துது சார். எந்த வண்டி, எப்போ பாலத்துக்கு வரும், எல்லாம் சரியாச் சொல்லிட்டாங்க."

"பெருமாளே! எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன். அவன் நன்னா இருப்பானா?"

ரங்கசாமிக்கு ஆத்திரம் பொங்கியது. லைசென்ஸ் விஷயம் கண்டக்டர் அழகிரியைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது. பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடா! இனிமே வீட்டுல அடுப்பு எப்படிடா எரியும்?"

"ஐயோ அண்ணே, நான் இல்லை! வண்டி நின்னா எனக்கும்தானே சோறு இல்லை?"

"விடுய்யா அவனை" என்று இருவரையும் பிரித்துவிட்டார் தர்மராஜ். "அதோ, பாலத்து மேல வருதே, அது என்ன வண்டி?"

ரங்கசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டும் பார்த்தான்.

"குதிரை வண்டிங்க."

இரண்டு காளை பூட்டிய வாழைத்தார் வண்டி நிதானமாக வந்து அவர்களைக் கடந்து போனது. ஸ்ரீனிவாசராகவன் சத்தம் போடாமல் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டார்.

"தகவல் சொன்னவங்களும் இதைத்தான் சொன்னாங்க" என்றார் தர்மராஜ். "'கண்ணு மங்கிப்போச்சு, டாக்டரைப் பார்க்கச் சொன்னா கேக்கறதில்லை. இத்தனை உசிரையும் காவேரியில தள்ளிடப் போறாரு, நீங்கதான் தடுக்கணும்'னு ஒரே அழுகை."

"யாருங்க அது? பேரை மட்டும் சொல்லுங்க."

"அவங்க பேரை நான் கேக்கலைய்யா. உன் பேரைத்தான் கேட்டேன். எத்தனை தடவை கேட்டும் வாயைத் திறக்கலை. கடைசியில கோயில் பக்கம் கையைக் காட்டி, 'அங்கே பள்ளிகொண்டிருக்காரே, அந்தச் சாமி பேருதாங்க'ன்னுட்டு வெக்கத்தோட தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."