ஆறாவது பாடம்

"ரெண்டாவதா வந்தா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டியாப்பா?"

சர்ச் பிக்னிக்கில் சாக்கு ஓட்டப் பந்தயம் முடிந்ததும், கோணிக்குள் நின்றபடியே மேரன் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஹார்லன் வயிறு குலுங்கச் சிரித்தார். மகளைக் கோணியோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடந்தார்.

இப்போது அவளுக்குப் பதினேழு. பள்ளி ஆலோசகர் மிஸஸ் பெக்கின் அறையில் உட்கார்ந்திருந்த அதே அப்பாவின் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"பானை செய்யறதா? கடைசி வருஷத்துலயா?"

"மண்பாண்ட வகுப்புப்பா. பானை மட்டும் இல்ல, கப்பும் செய்யலாம்."

"கப்பு கடையில கிடைக்கும்மா."

அடுத்த ஆண்டுக்கான ஆறு பாடங்களை அந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஐந்தை மேரன் சட்டென்று சொல்லிவிட்டாள்: கணிதம், இயற்பியல், இலக்கியம், வரலாறு, பிரெஞ்சு. ஐந்தும் கல்லூரித் தரத்து வகுப்புகள். ஆறாவதில்தான் தகராறு. புள்ளியியல் இருக்க வேண்டிய இடத்தில் அவள் களிமண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"மிஸஸ் பெக், நீங்களாவது சொல்லுங்க. இவ ஆசைப்படற காலேஜ்ல நூறு பேர் அப்ளை பண்ணா அஞ்சு பேரைத்தான் எடுக்கறாங்க."

"கஷ்டமான பாடம் அஞ்சு இருக்கு, டாக்டர். கூட ஒரு கலைப் பாடம் இருந்தா பெரும்பாலும் குறையா நினைக்க மாட்டாங்க. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது." மிஸஸ் பெக் மேரனிடம் திரும்பினார். "என் கவலை உன் ராங்க். கல்லூரித் தரத்து வகுப்புல ஏ வாங்கினா அஞ்சு புள்ளி. சாதாரண வகுப்புல ஏ வாங்கினா நாலுதான். மண்பாண்டம் சாதாரண வகுப்பு. நீ நூத்துக்கு நூறு வாங்கினாலும் உன் சராசரி இறங்கும்."

"நூத்துக்கு நூறு வாங்கினா இறங்குமா? இது எந்த ஊர்க் கணக்கு?"

"நம்ம ஊர்க் கணக்குதான் டாக்டர். நீங்க ஸ்கூல் போர்டுல இருந்தப்பதான் நிறைவேறிச்சு. நீங்களும் கை தூக்கினீங்க."

ஹார்லன் லேசாக இருமிக்கொண்டார்.

"இப்ப இவதான் முதல் இடம்," என்று மிஸஸ் பெக் தொடர்ந்தார். "அடுத்து இருக்கறது யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நடுவுல மயிரிழைதான். இதை எடுத்தா இடம் மாறிடும். பட்டமளிப்பு விழாவுல பேசற வாய்ப்பு போயிடும். மர ஆலை அறக்கட்டளை நாலு வருஷப் படிப்புச் செலவு தருதே, அதுவும் முதல் இடத்துக்குத்தான்."

"செலவை விடுங்க. நாலு பல்லு அதிகமாப் பிடுங்கி அதைப் பார்த்துக்கறேன்," என்றார் பல் மருத்துவரான ஹார்லன். "அந்தப் பேச்சுதான்... இவ அம்மா முன்வரிசையில உக்காந்து கேக்கணும்னு நினைச்சிருந்தேன்."

அவர் குரல் தணிந்தது. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு குளிர்காலம் முழுக்க, நோயில் கிடந்த மனைவி ரூத்தை நகரத்து மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அவர் அழைத்துப்போய் வந்தார். இப்போது ரூத் சர்ச்சின் பாடற்குழுவில் பாடுகிறாள்.

மேரன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பேசினாலும் பேசாட்டியும் அம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாப்பா. அது போதும்னு நீதானே தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்றே?"

ஹார்லன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "மண்ணு மேல அப்படி என்ன ஆசை உனக்கு?"

"கை நனையறது பிடிக்கும்பா."

"பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் பிடிக்காது."

மிஸஸ் பெக் சிரித்துவிட்டார். ஹார்லன் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார். "முதல் கப்பு எனக்கு. ஒழுகினாலும் பரவாயில்லை," என்று மகளிடம் சொல்லிவிட்டு, காரை எடுக்கப் போனார்.

வெளியே பெஞ்சில் ஒடெட் காத்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாவோடு தனியாக வாழ்பவள். எல்லாத் தேர்விலும் மேரனுக்கு ஒரு மதிப்பெண் முன்னே பின்னே வருபவள். அடுத்து அவள் முறை.

"ஆறும் கஷ்டமானதா எடுத்திருப்பியே," என்றாள் ஒடெட்.

"ஒண்ணு மண்பாண்டம்."

"பைத்தியமா உனக்கு? ராங்க் என்னாகும்?"

"ராங்க் கிடக்கு. நீ புள்ளியியலை விட்டுடாத. உனக்கு நல்லா வரும்."

"வந்து என்ன? பெரிய காலேஜ் எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?"

"அதைக் கடவுள் பார்த்துக்குவார். நீ எழுதிக் குடு, போ."

ஒடெட் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஆளில்லாத அந்த நடைவழியில் மேரன் ஒரு நிமிடம் நின்று கண்களை மூடி நன்றி சொன்னாள்.

அம்மா நோயில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், ஒவ்வொரு விடியலிலும் அவர்கள் வீட்டு வாசல் பனியை யாரோ வாரி ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மருத்துவமனைக்குக் கிளம்பிய கார் ஒருநாளும் பனியில் சிக்கியதில்லை. சபைச் சகோதரர்கள்தான் செய்தார்கள் என்று ஹார்லன் இன்றும் நம்புகிறார். தன் உயரத்துக்கு இருந்த, பனி வாரும் ஷவலைப் பிடித்துக்கொண்டு தெருவிளக்கின் கீழ் ஒற்றையாக நின்றவள் ஒடெட் என்பது, மாடி ஜன்னலின் திரையை விலக்கிப் பார்த்த மேரனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பார்த்துவிட்டது ஒடெட்டுக்கே தெரியாது.