புளிக்காத மாவு

“முகம் தெரியாதவங்களோட ஒத்துப்போவீங்களாம்மா?” என்று வீடு ஒதுக்கிய அன்று அதிகாரி கேட்டார்.

“முகம் தெரியலன்னா சண்டை எப்படி சார் வரும்?” என்று பவளக்கொடி சிரித்தாள்.

சகவாழ்வுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். இரவு வேலை பார்க்கும் அவளுக்கும் கணவர் சிங்காரத்துக்கும் பகல்; இன்னொரு குடும்பத்துக்கு இரவு. மாலை ஆறு மணிக்கு இவர்கள் கிளம்ப வேண்டும், ஆறரைக்கு அவர்கள் வருவார்கள்.

பற்களை எடுத்ததிலிருந்து சிங்காரத்துக்கு இட்லிதான் இறங்கும். அவள் அரைத்து மேடையில் வைத்துவிட்டுப் போகிற மாவு, காலையில் பொங்காமல் குளிர்பெட்டிக்குள் கல்லாய்க் கிடந்தது. “தயவுசெய்து தொடாதீங்க” என்று சீட்டு ஒட்டினாள். மறுநாளும் அதே கதை. ஒரு மாதம் பொறுத்தவள், “வயித்துல அடிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று பாத்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டினாள். அதற்கும் அவர்கள் அசையவில்லை.

இன்று கணவரை மட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டு, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவளுக்கு வயிற்றில் ஏழு மாதமாவது இருக்கும். மாவு வாடை பட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடினாள். குமட்டி முடித்துத் திரும்பியபோதுதான் பவளக்கொடியைப் பார்த்தாள்.

“மாவுக்கார அக்காவா? மாவு வாடையே ஆகலைக்கா, புளிச்சா இன்னும் மோசம். அதான் பெட்டிக்குள்ள வெச்சிடுவேன். சீட்டுல எழுதக் கூச்சமா இருந்துச்சு.”

இருவரும் ஒரே வாளியில் குளித்து, ஒரே கண்ணாடியில் பொட்டு வைத்து ஒரு வருடம் ஆகிறது.

பவளக்கொடி பாத்திரத்திலிருந்த சீட்டைப் பிய்த்துக் கைக்குள் கசக்கினாள். மாவுப் பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள்.