நீலக் கவுன்

"அந்தம்மாவுக்கு என்மேல பொறாமை, வெர்னா. அடுத்த வாரத்துலேர்ந்து அவங்க வரவேண்டாம், பொண்ணு மட்டும் வந்தாப் போதும்."

ஆஸ்ட்ரிட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டுலூத் நகரத்தின் ஏரிக்காற்றில் சிவந்த மூக்கோடு பொத்தென்று உட்கார்ந்து, அதற்கு அனுமதி கேட்கும் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினாள்.

குடும்ப ஆலோசகர் உரிமம் வேண்டுமென்றால் இரண்டு வருடம் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்த்தாக வேண்டும். ஆஸ்ட்ரிடுக்கு அந்த மூத்தவர் வெர்னா. இன்னும் மூன்றே வாரம் பாக்கி.

வெர்னா தாளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் பெயர் ஜூன், பதினாறு வயது. பையன் என்று வளர்க்கப்பட்டு, போன வருடம் 'நான் பொண்ணு' என்று வீட்டில் சொன்னவள். அப்படிப்பட்ட பிள்ளைகளையும் பெற்றவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதுதான் அவர்கள் வேலை.

"அந்தம்மா பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்களா?"

"ஒரே ஒரு தடவை வாய் தவறிச்சு. அதுக்கே அழுதாங்க. சுத்த நடிப்பு!"

"திட்டறாங்களா?"

"எங்க திட்டறாங்க? பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. நான் ஒண்ணு கேட்டா, அவ அம்மா முகத்தைப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கறா. நேத்து ஒரு கவுனை வேற தூக்கிட்டு வந்துட்டாங்க. பள்ளிக்கூட நடனத்துக்குத் தானே தச்சாங்களாம்."

"எப்படி இருந்துச்சு?"

"நீலம். இடுப்புல மூணு மடிப்பு. உள்பக்கம் சின்னதா ஒரு பாக்கெட். கழுத்தைச் சுத்திக் கையாலேயே போட்ட பூத்தையல். தோள் அகலம் தெரியாதபடி அவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தாங்க." ஆஸ்ட்ரிட் சட்டென்று நிறுத்தினாள். "அதை என் முன்னால எதுக்கு விரிச்சுக் காட்டணும்?"

வெர்னாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வரமாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்துகொண்ட அப்பாக்களைக்கூட நயமாகப் பேசி உள்ளே அழைத்து வந்தவள் இவள். யாரையும் வெளியே அனுப்பு என்று கேட்டதே இல்லை. தன் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஆஸ்ட்ரிட். இதையே பிடிச்சுக்கிட்டு நின்னா உன் உரிமத்துக்கும் போடமாட்டேன், அது தள்ளிப்போனாலும் சரி. அந்தம்மா செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணு சொல்லு, பார்ப்போம்."

ஆஸ்ட்ரிட் அந்தத் தாளை இழுத்து நான்காகக் கிழித்தாள்.

"அவங்க வரட்டும்," என்றாள். "நானும் பொண்ணுதான்னு எங்க வீட்டுல சொன்னப்போ எனக்குப் பதினாறு வயசு, வெர்னா. எங்கம்மா என் பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுட்டாங்க."