பூத்தால் கல்யாணம்

"இது பூச்சி கடிச்சது இல்ல மாமா. பூச்சி கடிச்சா ஓரம் பிசிறடிக்கும். யாரோ நகத்தால மொட்டைக் கிள்ளியிருக்காங்க."

நர்சரிக்காரன் கிளை நுனியை விரலில் தாங்கிக்கொண்டு சொன்னான். தையல்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடையை மூடிய நாளிலிருந்து தோட்டத்தில் அவருக்கு அதே இடம்தான்.

"மாமான்னு கூப்பிட இன்னும் பூக்கலையே தம்பி" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் கேட்டு வந்தபோது இவன் வாய் சும்மா இருக்கவில்லை. கொடியைக்கூடப் பந்தல் இல்லாமல் மரமாக நிற்க வைப்பேன் என்று பீற்றிக்கொண்டான்.

"நிக்க வச்சுக் காட்டுங்க. அது பூத்த அன்னிக்குப் பொண்ணைத் தர்றேன்" என்று தையல்காரரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மகளும் வெட்கத்தோடு தலையாட்டிவிட்டாள்.

மறுநாளே தோட்டத்தில் ஒரு கொடியை நட்டான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்தான். ஒற்றைத் தண்டை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்தில் கிளம்பியதையெல்லாம் நறுக்கினான். முட்டுக்கொம்போடு சேர்த்துக் கட்டினான். தண்டு பருக்கப் பருக்கக் கட்டைத் தளர்த்தினான். நெஞ்சுயரம் வந்ததும் உச்சியை வெட்டிக் குடை மாதிரி கிளைக்க விட்டான். கொம்பைப் பிடுங்கியும் ஆயிற்று. கொடி இப்போது தன் காலில் நிற்கிறது. ஆனால் பூவைக் காணோம். கூடவே நட்ட மற்றதெல்லாம் நர்சரியில் ஊதாக் கொத்துகளாகத் தொங்குகின்றன.

"நான் சட்டைக்கு நாள் கடத்தினதுகூட இவ்வளவு இல்லப்பா" என்றார் தையல்காரர்.

"கிண்டல் வேணாம் மாமா. எங்க அம்மா வேற இடம் பார்த்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லியாகணும். நேராவே கேக்கறேன். நீங்கதானே கிள்றீங்க?"

டீ கொண்டுவந்த மகள் படியிலேயே நின்றுவிட்டாள். தட்டில் டம்ளர்கள் கலகலத்தன.

சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார் தையல்காரர்.

"ஆமா தம்பி. நான்தான்."

"அப்பா..."

"நீ சும்மா இரும்மா. இவ அம்மா போனதுக்கப்புறம் எனக்கு எல்லாமே இவதான். இவளும் போயிட்டா சுவத்தோடதான் பேசணும். அந்தப் பயத்துல கிள்ளிட்டேன். தப்புதான். இனிமே ஒரு மொட்டுமேல கை படாது. நீங்க கல்யாணத்துக்கு நாள் பாருங்க."

சண்டைக்கென்று கிளம்பி வந்தவன் சட்டென்று இளகிப்போனான். அவ்வளவு பெரிய மனுஷர் இப்படித் தலைகுனிந்து ஒத்துக்கொண்டால் என்னதான் பேசுவது? அவரைச் சிரிக்க வைக்கவேண்டும் போலிருந்தது.

"உங்களையும் ஏமாத்திட்டு ஒண்ணு தப்பிச்சிருக்கு மாமா, பாருங்க." இலைகளை விலக்கி, கிளையை அவர் முகத்துக்கு நேராக வளைத்துப் பிடித்தான். சாண் நீளத்துக்கு ஒரு மொட்டுக் கொத்து. "நாளைக்கு விரிஞ்சிடும்."

"அப்படியா? எங்கே?"

சந்தோஷமாக நீண்ட அவர் கை, கொத்தைத் தாண்டிப்போய் வெறும் காற்றைத் துழாவியது.

மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து மொட்டின்மேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷமா எல்லாம் புகை மாதிரிதான் தம்பி" என்றார் அவர், மொட்டை மெல்லத் தடவியபடி. "வெளிய சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். இவமேல கோவிச்சுக்காதீங்க."

அப்பாவின் கையைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரலை அவன் அப்போதுதான் பார்த்தான்: நகத்தின் ஓரமெல்லாம் பச்சைக் கறை.

"மாமா, வீட்டுக்குப் பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு?" என்றான், கிளையை மெதுவாக விட்டபடி. "கல்யாணம் முடிஞ்சதும் நர்சரியோட நானும் இங்கயே வந்துடறேன்."