லீக் இல்லாத அடுப்பு

"முப்பது பேருக்குச் சமையல், ஒரே அடுப்பு! பெரிய கம்பெனிக்காரன்கூட இப்படிப் பண்ண மாட்டான்!" என்று மார்தட்டிக்கொண்டார் வெல்டர்.

பழைய லாரி ரிம்முக்குக் கால் வைத்து, பர்னர் பொருத்தி, பத்து நாள் மெனக்கெட்டு அவரே செய்த கேஸ் அடுப்பு. ஏரிக்கரைக்குச் சுற்றுலா வந்த மொத்தக் குடும்பமும் அதைச் சுற்றி நின்று கும்மாளம் போட்டது.

"லீக் ஆகாதே மாமா?" மனைவியின் தம்பி நாலடி தள்ளியே நின்றான்.

வெல்டர் டியூப் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவிக் காட்டினார். ஒரு குமிழிகூட எழும்பவில்லை.

"நான் கை வெச்சா லீக்குங்கிற பேச்சுக்கே இடமில்லடா!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

"சரி, பத்த வைங்க மாமா. பசி உயிர் போகுது."

"தீப்பெட்டி எங்கடி?"

அவர் மனைவி கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். உப்பு முதல் கைதுடைக்கிற துணிவரை மறக்காமல் எடுத்துவைத்தவள், தீப்பெட்டியைக் கோட்டை விட்டுவிட்டாளாம். மற்றவர்களும் பையைத் துழாவி உதட்டைப் பிதுக்கினார்கள்.

பத்து நாள் உழைப்பு புஸ்ஸென்று போவதா? வெல்டருக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப்போடுறீங்களே!" என்று கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். லைட்டரை எடுத்து 'டிக்'கென்று தட்டினார். நீலச் சுடர் வட்டமாக மலர்ந்தது. ஒரே விசில்!

மனைவி மட்டும் சாவகாசமாகத் தன் கைப்பையைத் திறந்தாள். புதுத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து அவர் காதருகே கலகலவென்று ஆட்டினாள்.

"சிகரெட்டை விட்டு மூணு மாசம் ஆச்சுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே! அடுப்பு லீக் ஆகலைங்க. நீங்கதான் லீக் ஆயிட்டீங்க!"